அண்ணன் விட்டுப்போன காபி மிஷின்

எங்கள் அண்ணன் ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து, அந்தச் சர்க்கார் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 1962இல் ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது அவர் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் இருந்த நான் அப்பாவோடு இந்தியன் ஆனேன். பிரெஞ்சில் படித்துவிட்டு இங்கிலீஷில் நோட் எழுதும் குமாஸ்தாவாகக் காலம் தள்ளினேன். அது வேறு கதை.

அண்ணன் தெற்கு பிரான்ஸில் ஃப்ரெழுஸ் என்ற ஊரில் இருந்தபோது, இத்தாலி எல்லை தாண்டினால் முதலில் வரும் வெந்திமில்யா ஊருக்குப் போய் ஒரு காபி மிஷின் வாங்கினார். ஊர் திரும்பும்போது அதையும் தூக்கிக்கொண்டு வந்தார். பளபளவென்று நின்ற வாக்கில் ஒரு சின்னக் கொதிகலன், பக்கத்தில் ஒரு சிலிண்டர், அதன்மேல் நீளமாக ஒரு கைப்பிடி. பம்பு, மோட்டார் எதுவும் கிடையாது. தினமும் மாலை 4 மணிக்கு இரண்டு சின்னக் கோப்பை இறக்குவார், ஒன்று அவருக்கு, ஒன்று அண்ணிக்கு. வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

அவர் போய் மூன்று வருஷம் அது பரண்மேல் துண்டு போர்த்திக் கிடந்தது. ஒருநாள் அண்ணி கூப்பிட்டு, "தம்பி, இதை எடைக்குப் போட்டுடட்டுமா?" என்றார்கள். கேட்ட குரலில் போடுகிற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

முதல் வேலையாக ஷாக் வாங்கினேன். பிரான்ஸில் எர்த் முள் சுவரிலிருக்கும் சாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் அதற்கு ஓட்டைதான் உண்டு. அந்த இரண்டு முள் பிளக் நம்மூர் சாக்கெட்டில் நன்றாகவே நுழையும், ஆனால் எர்த் சேராது. முழுக்க உலோகத்தாலான மிஷின். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று முள் பிளக் போட்டேன். பிரான்ஸிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் சாமான்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது உப்பு. நம்மூர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொதிகலன் அடியில் வெள்ளையாகப் பாறை படிந்திருந்தது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு பெரிய கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஊற்றிச் சூடாக்கி, அரைமணி நேரம் விட்டுக் கொட்டினேன். இரண்டு முறை. பிறகு நல்ல தண்ணீரில் நாலைந்து தரம் அலசினேன்.

சிக்கரி கலக்காத தூளை நைசாக அரைத்து வாங்கிவந்து, அண்ணியை அழைத்து, முதல் கோப்பை எனக்கு, இரண்டாவது மனைவிக்கு, மூன்றாவது அண்ணிக்கு என்று இறக்கினேன். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். "கருகிப்போச்சு தம்பி. இது அவர் காபி இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. தூளை மாற்றினேன், அளவை மாற்றினேன், கருகல் போகவில்லை. ஏன் கருகுகிறது என்று தேடப்போய்த்தான் இந்த மிஷினின் சரித்திரத்தில் விழுந்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காபிக் கடைகள் பெருகிவிட்டன. காபி இறங்கத்தான் நேரம் பிடித்தது. நம் பித்தளை பில்ட்டரில் டிக்காஷன் இறங்கக் காத்திருப்பது போலத்தான். கடைக்காரனுக்கு நேரம்தானே காசு. 1855இல் பாரிஸ் பொருட்காட்சியில் லுவாசேல் என்பவர் ஒரு ராட்சத மிஷின் வைத்தார். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றி, அது இறங்கும் பாரத்தால் காபியைப் பிழிவது. மணிக்கு 2,000 கோப்பை என்று சொல்லப்பட்டது. 1884இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவியைக் கொண்டு காபி இறக்கும் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவும் மொத்தமாக இறக்குவதுதான். ஆளுக்கு ஒரு கோப்பையாக, கேட்டவுடன் இறக்கும் மிஷினுக்கு 1901இல் மிலான் நகரத்து லுயிஜி பெத்ஸேரா காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கி 1905 முதல் வியாபாரமாகச் செய்து விற்றவர் தெசிதேரியோ பவோனி. எஸ்பிரஸோ என்ற பெயரும் அந்தக் காலத்தில்தான் பரவியது. விரைவாக, உனக்கென்றே தனியாக, பிழிந்து எடுத்தது என்று மூன்று பொருளும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

அந்த மிஷின்களில் தண்ணீரைத் தள்ளியது கொதிகலனின் நீராவியேதான். கோளாறும் அங்கேதான். தள்ளும் பலம் வேண்டுமென்றால் இன்னும் கொதிக்கவைக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் ஏறினால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். காபிக்கு வேண்டியதோ 90, 95 டிகிரி. இவ்வளவு செய்தும் கிடைத்த அழுத்தம் ஒன்றரை மடங்குதான். ஆகவே வேகமாக வந்தது, கூடவே கருகல் கசப்பும் வந்தது.

இங்கே ஒரு விஷயம். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மண்டப வாசலில் ஒரு மிஷின் புஸ்ஸென்று சத்தம் போட, பால் நுரைத்துப் பொங்க, மேலே ஒரு சிட்டிகை தூள் தூவிக் கொடுப்பார்களே எஸ்பிரஸோ காபி, நினைவிருக்கிறதா? அதற்காகவே சீக்கிரம் கல்யாணத்துக்குப் போனவன் நான். அதில் நீராவி உண்டு, பிழிவது கிடையாது. இத்தாலிக்காரன் பார்த்தால் வேறு பெயர் வைக்கச் சொல்லியிருப்பான். குடித்திருந்தால் சும்மா இருந்திருப்பான்.

மிலான் நகரத்தில் காபிக்கடை வைத்திருந்த ஆக்கில்லே காஜ்ஜியாவுக்குத்தான் கடைசியில் வழி கிடைத்தது. நீராவியைத் தள்ளுகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார். கொதிகலன் தண்ணீரைச் சுடவைக்கட்டும், பிழிகிற வேலையைப் பிஸ்டன் பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. 1938இல் முதல் காப்புரிமை. இடையில் யுத்தம். 1947இல் கைப்பிடியும் ஸ்பிரிங்கும் வைத்த பிஸ்டனுக்குக் காப்புரிமை. கைப்பிடியை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும், விட்டால் அது விரிந்து தண்ணீரைத் தூளுக்குள் அழுத்தும். ஒன்றரை மடங்கு அழுத்தம் எட்டு, ஒன்பது மடங்காயிற்று. காபிமேல் பொன்னிறத்தில் ஒரு நுரை படிந்தது. அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் இதென்ன அழுக்கு என்று கேட்டார்களாம். அவர் அதற்குக் காபி க்ரீம் என்று பெயர் வைத்து அதையே விளம்பரம் ஆக்கிவிட்டார் என்பார்கள். எஸ்பிரஸோ ஏன் இத்தனூண்டு கோப்பையில் வருகிறது என்பதற்கும் விடை இங்கேதான். அந்தச் சிலிண்டர் கொள்கிற தண்ணீர்தான் அளவு.

1961இல் இரண்டு காரியம் நடந்தது. ஃபயேமா கம்பெனி எலக்ட்ரிக் பம்பு வைத்த ஈ61 மிஷினைக் கொண்டுவர, கடைகளில் கைப்பிடியின் காலம் முடியத் தொடங்கியது. அந்த வருஷமே லா பவோனி கம்பெனி வீட்டுக்கென்று யூரோப்பிக்கோலா என்ற சின்ன மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் ஸ்பிரிங்கும் கிடையாது, நம் கைதான் ஸ்பிரிங். அண்ணனுடையதும் இந்த ரகம்தான். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பிஸ்டன்மேல் ஒன்பது மடங்கு அழுத்தம் வேண்டுமென்றால் சுமார் 180 கிலோ பாரம். கைப்பிடி நீளமாக இருப்பதால்தான் எழுபது தாண்டிய என்னாலும் முடிகிறது.

இப்போது என் கருகலுக்கு வருகிறேன். சுவிட்சில் இரண்டு நிலை இருக்கிறது, அதிகச் சூடு, குறைந்த சூடு. வால்வு சீறத் தொடங்கியதும் குறைந்ததற்கு மாற்ற வேண்டும். நான் மாற்றவே இல்லை. போதாததற்கு மூன்று கோப்பையை அடுத்தடுத்து இறக்கினேன். சிலிண்டர் கொதிகலனோடு ஒட்டியே இருப்பதால் ஒவ்வொரு கோப்பைக்கும் சூடேறிக்கொண்டே போகும். அண்ணிக்குப் போன மூன்றாவது கோப்பை, காஜ்ஜியா ஒழித்துக்கட்டிய அதே 1905ஆம் வருஷத்துக் காபி. அண்ணன் எப்போதும் ஈரத்துணி ஒன்றைச் சிலிண்டர்மேல் போட்டு எடுப்பார். துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சூடு தணித்திருக்கிறார்.

ஈரத்துணி போட்டேன், சுவிட்சை மாற்றினேன். கருகல் போயிற்று. ஆனால் கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கி, காபி கழுநீர் போல வந்தது. பிஸ்டன் வாஷர் காய்ந்துபோயிருந்தது. சைக்கிள் பம்புக்குள் தோல் வாஷர் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்த அழுத்த அதன் விளிம்பு விரிந்து குழாயோடு ஒட்டும். இதுவும் அப்படித்தான், ஆனால் ரப்பர், ஒன்றுக்கு இரண்டு. பிரான்ஸிலிருக்கும் அண்ணன் மகனிடம் சொல்லி வரவழைத்தேன். கீழ் வாஷரின் வாய் கீழே பார்க்க வேண்டும், மேல் வாஷரின் வாய் மேலே. நான் இரண்டையும் மேலே பார்க்க வைத்து மாட்டிவிட்டு, ஒரு பகல் முழுக்க ரப்பரைத் திட்டினேன். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்றும் யோசித்தேன். நல்லவேளை, தடவவில்லை, நாளடைவில் சிக்குவாடை வந்திருக்கும். உணவுக்கு ஆகிற சிலிகான் கிரீஸ்தான் இதற்கு.

ஒரு எச்சரிக்கை. காபி இறங்கி முடிந்ததும் தூள் கிண்ணத்தைச் சட்டென்று கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும். நான் கழற்றியதில் கொதிக்கும் தூள் தெறித்து, சுவரிலிருந்த காலண்டர்வரை போயிற்று. முகம் அங்கே இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அரை நிமிஷமாவது பொறுக்க வேண்டும். கொதிகலன் மூடியோ, சுவிட்சை அணைத்து, நீராவியை முழுக்க வெளியேற்றிய பிறகுதான்.

போன மாதம் ஒரு நாள் 4 மணிக்கு அண்ணி வந்தார்கள். இந்தத் தடவை முதல் கோப்பையே அவர்களுக்கு. கைப்பிடியைத் தூக்கி, எட்டு எண்ணி, மெதுவாக அழுத்தினேன். நுரை வந்தது. குடித்தார்கள். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சர்க்கரை போடலையா? அவர் ரெண்டு கட்டி போடுவாரே" என்றார்கள்.

டப்பாவை எடுத்து வைத்தேன். மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டதற்கு, இங்கேயே இருக்கட்டும், நான் வந்து குடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தெருதான். பெரும்பாலும் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிடுகிறார்கள்.

பிஸ்டன் தண்டின் மேல் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கசிகிறது. அதற்கான சின்ன வளையத்தை அண்ணன் மகன் டிசம்பரில் வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை ஒரு துணியைச் சுற்றிவைத்திருக்கிறேன்.