மூச்சைத் தாங்கிய கைகள்

நெடுந்தீவிலே ஒருவர் கடுநோயுற்றால், அவரைப் படகேற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடல் கடந்து குறிகட்டுவானிற் சேர்த்தல் வேண்டும். நயினாதீவாருக்குக் கடல்வழி குறுகியதெனினும் கரையேறுந் துறை அதுவே. அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டி, தாம்போதிகளைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையவேண்டும். பல நோய்கள் இவ்விடைக்காலத்தைப் பொறுக்கும்; மூச்சு நின்றாலோ சில நிமிடங்களும் பொறா.

கட்டுவிரியன் கடியை எண்ணிப் பார்க்கலாம். இரவில் நிலத்திற் படுத்துறங்குவோரையே அப்பாம்பு பெரும்பாலும் தீண்டுகின்றது. அதன் நஞ்சு நரம்பு தசையைச் சேருமிடத்தைத் தாக்குகின்றது. முதலில் இமை சரியும். பின் பேச்சுக் குழறும். ஈற்றில் மூச்சுத் தசைகள் ஓயும். நரம்பு முனைகள் சிதைந்தபின் நஞ்சுமுறி மருந்து அவற்றை உடனே மீட்கமாட்டாது. அவை தாமாகத் தழைக்கும்வரை, சில வேளைகளில் நாட்கணக்காக, மூச்சைப் பிறிதொன்று நடத்தவேண்டும். அவ்வாறு நடத்தினால் நோயாளி முழு நலத்துடன் எழுதல் கூடும்.

பிறருடைய மூச்சை இவ்வாறு நடத்தும் வித்தையை மனிதர் கற்றது அண்மைக் காலத்திலேயாம். 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் திறிங்கர், ஷோ என்னும் இருவர் ‘இரும்பு நுரையீரலை’ அமைத்தனர். தலை மட்டும் வெளியே தெரிய உடலைப் பெட்டியுள் வைத்து, பெட்டியின் காற்றமுக்கத்தைக் குறைத்து மார்பை விரியச் செய்வது அக்கருவி.

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்கேகனில் இளம்பிள்ளைவாதம் கொடிதாகப் பரவிற்று. பிளெக்டம் வைத்தியசாலைக்குச் சில நாட்களில் ஐம்பது நோயாளர்வரை வந்தனர். அங்கிருந்ததோ ஓர் இரும்பு நுரையீரலும் மார்புக்கவசம் போன்ற ஆறு கருவிகளுமே. முதல் மூன்று வாரங்களில் மூச்சுக் கெட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

அவ்வேளையில் மயக்கமருந்து வைத்தியராகிய பியோர்ண் இப்சன் அழைக்கப்பட்டார். குருதியிற் காணப்பட்ட வேறுபாட்டைப் பிறர் காரமிகுதி என்று கொண்டனர். இப்சனோ, வெளியேறாது தேங்கிய காபனீரொட்சைட்டின் அடையாளமே அது என்றார். ஆகஸ்ட் 27ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் தொண்டையைத் திறந்து குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி ஒட்சிசனை ஊட்டினார். சிறுமி பிழைத்தாள்.

ஆயின் யந்திரங்கள் போதா. எனவே ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகக் கட்டிலருகே அமர்ந்து பைகளை அமுக்கினர். ஒரு காலத்தில் 70 நோயாளர் இவ்வாறு கைகளாலேயே உயிர் தாங்கப்பெற்றனர். நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த மரணவீதம் நாற்பதளவிற்குத் தாழ்ந்து, பின்னும் குறைந்தது. 1953இல் இப்சன் அந்நகரின் வேறொரு வைத்தியசாலையில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவொன்றை நிறுவினார். மாணவர் கைகள் செய்த தொழிலை யந்திரங்கள் மெல்ல மெல்ல ஏற்றன.

யந்திரத்தைப் பெறுவது ஒன்று. அதனை ஆளக் கற்பது மற்றொன்று. மிகுந்த காற்றைச் செலுத்தினால் நோயுற்ற நுரையீரல் மேலும் புண்படும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நுரையீரல் கடுமையாகப் பழுதுற்ற 861 நோயாளரிடம் நிகழ்ந்த ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. உடல் உயரத்தால் கணிக்கப்படும் நிறையில் ஒரு கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் என்னும் பழைய அளவை 6 ஆக்கியபோது, மரணம் நூற்றுக்கு 40 அளவிலிருந்து 31 ஆகக் குறைந்தது.

இவ்வறிவைத் தமிழிற் கற்பித்தல் யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். உடற்றொழில் நூல்களையும் தமிழாக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் 1978இல் தொடங்கிற்று.

தீவகத்திற்கு இவ்வரலாறு தரும் பயன் யாது? 1956இல் டென்மார்க்கிலேயே, தானாக விரியும் மூச்சுப்பை விற்பனைக்கு வந்தது. அதற்கு மின்சாரம் வேண்டா. வாயு உருளையின்றியும் இயங்கும். ஆடும் படகிலும் கையாளலாம். ஆயின் முகமூடியை இறுகப் பொருத்தவும், மார்பு உயர்வதை நோக்கி அளவாக அமுக்கவும் பயின்ற கை வேண்டும். அக்கை சோர்ந்தால் மாற்றுக்கை வேண்டும். நெடுந்தீவின் தாதியரும் உதவியாளரும் படகிற் செல்வோரும் இதனை முறையாகப் பயின்றிருப்பின், யாழ்ப்பாணத்து யந்திரத்தைச் சேரும்வரை ஓருயிரின் மூச்சைக் கடல்மீதும் காத்தல் இயலும்.