வெட்கப்படாத பக்கவாத்தியக்காரர்

1896ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் வியன்னா நகரில் யோகான்னஸ் பிராம்ஸ் இயற்றிய நான்கு பாடல்கள் முதன்முறையாக அரங்கேறின. பிரசங்கியின் புத்தகத்திலிருந்து இரண்டு, நம் வேதாகமத்தில் இடம்பெறாத சீராக் ஆகமத்திலிருந்து ஒன்று, கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்திலிருந்து ஒன்று என, லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையே சொற்களாகக் கொண்டவை அவை. பாடியவர் ஆன்டன் சிஸ்டர்மான்ஸ். இசை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. அன்று பியானோ வாசித்தவர் கூன்ராட் பாஸ் என்னும் இருபது வயது டச்சு இளைஞர் என்பதை அறிய நாம் சற்றுத் தேட வேண்டியதாயிற்று.

நாமும் இவ்வகையில் குற்றமற்றவர்கள் அல்லர். இறையியல் மாணவராய் இருந்த நாட்களில், சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் ஒருநாள் வராதபோதுதான் அவர் ஒருவர் இருந்தார் என்பதையே உணர்ந்தோம். பாட்டைத் தொடங்கிய எங்கள் குரல்கள் மூன்று சுருதிகளில் பிரிந்தன. ஆகவே, பக்கவாத்தியம் என்னும் பணிக்குத் தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்து, அதற்குரிய மதிப்பையும் கேட்டுப் பெற்ற ஒருவரின் வரலாற்றை ஆராய்வது தகும் என்று கருதுகிறோம்.

ஜெரால்ட் மூர் 1899ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள வாட்ஃபோர்டில் பிறந்தார். சிறுவயதில் அவருக்குப் பியானோவில் நாட்டமில்லை. தாயார்தாம் வற்புறுத்தி அமர வைத்தார். பதின்மூன்றாம் வயதில் குடும்பம் கனடா நாட்டிற்குக் குடிபெயர, டொரான்டோ நகரில் மைக்கேல் ஹாம்பர்க் என்பவரிடம் பயின்றார். ஆசிரியர் 1916இல் மரித்தபின் அவருடைய மகனும் செல்லோக் கலைஞருமான போரிஸ் ஹாம்பர்க்குடன் மேற்குக் கனடாவெங்கும் பயணஞ்செய்து வாசித்தார். சில காலம் சினிமாக் கொட்டகையில் ஆர்கன் வாசித்தும் பிழைத்தார். 1919இல் இங்கிலாந்து திரும்பி, மைக்கேலின் மற்றொரு மகனாகிய மார்க் ஹாம்பர்க்கிடம் பாடம் தொடர்ந்தார். தனி வாசிப்பைவிடத் துணை வாசிப்பே அவருக்கு ஏற்றதென அறிவுரை கூறியவர் இசை நடத்துநர் லாண்டன் ரொனால்ட்.

இப்பயிற்சியில் ஒன்று குறைவுபட்டிருந்ததை நாம் கவனிக்க வேண்டும். அவருடைய ஆசிரியர்கள் அனைவரும் தனி வாசிப்பாளரை உருவாக்குபவர்கள். மற்றொருவரின் மூச்சைக் கேட்டு வாசிக்கும் கலைக்கு அக்காலத்தில் வகுப்பும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. அக்குறையை நிறைவாக்கியவர் ஜான் கோட்ஸ் என்னும் முதிய பாடகர். 1920களின் நடுவில் அறுபது வயதை எட்டியிருந்த கோட்ஸ், இளைஞரான மூரைக் கடிந்துகொண்டு திருத்தினார். பியானோப் பகுதியைப் பாடலின் சொல்லோடும் பொருளோடும் சேர்த்து ஆராயச் செய்தார். அக்கறையற்றிருந்த தம்மைக் கலைஞராக்கியவர் அவரே என்று மூர் பின்னாளில் நன்றியோடு எழுதினார்.

அப்படி ஆராய அதில் என்ன இருக்கிறது என்று வினவுவோர் உளர். ஷூபர்ட் 1814இல், தம் பதினேழாம் வயதில் இயற்றிய, இராட்டையருகே அமர்ந்த கிரெட்சனின் பாடலை எடுத்துக்கொள்வோம். இராட்டை சுழல்வது பாடகியின் குரலில் அல்ல, பியானோவில்தான். காதலனின் முத்தத்தை அவள் நினைத்தமாத்திரத்தில் சக்கரம் நின்றுவிடுகிறது. பிறகு ஒருமுறை அசைந்து, தடுமாறி, மறுபடி அசைந்து, மெல்லச் சுழலத் தொடங்குகிறது. அந்தத் தடுமாற்றத்தை விரைந்து கடப்பவர் அப்பெண்ணின் உள்ளத்தையே இழந்துவிடுகிறார். ஷூமான் 1840இல் இயற்றிய 'கவிஞனின் காதல்' என்னும் பாடல் தொடரிலோ, பாடகர் வாய்மூடி நின்ற பின்னும் பியானோ நெடுநேரம் பேசுகிறது. முடிவுரை பக்கவாத்தியத்திற்கே உரியது! இவற்றோடு, பாடகரின் தொண்டைக்கேற்ப அதே பாடலை அரைச்சுரமோ முழுச்சுரமோ மாற்றி வாசிக்கும் திறமையும், அவர் மூச்செடுக்கும் இடத்தை முன்னறியும் செவியும், மறந்து ஓரடி தாண்டிவிட்டால் அவரோடு தாண்டும் விழிப்பும் வேண்டும்.

மூர் 1921 முதலே இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். ஒலிவாங்கி வருமுன் பெரியதொரு கொம்பின் முன்பாகவே பாட வேண்டியிருந்தபடியால், பியானோவின் ஒலி தட்டில் பதிய உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தபின்னரே மென்மையாக வாசிப்பதும் பதிவாகத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் மைரா ஹெஸ் அம்மையார் நடத்திவந்த நண்பகல் இசையரங்குகளில், மூர் தம் தொழிலைப் பற்றி வாசித்துக்காட்டிப் பேசினார்; கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். 1943இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'வெட்கப்படாத பக்கவாத்தியக்காரர்'. 1962இல் வந்த தன்வரலாற்றுக்கு இட்ட பெயர் 'நான் வாசிப்பது மிகவும் உரக்கவா?' என்பது. பாடகரிடம் பக்கவாத்தியக்காரர் அஞ்சி அஞ்சிக் கேட்கும் கேள்வியையே தலைப்பாக்கிவிட்டார்.

தாழ்மையைப் போதிக்கிற நமக்கு இங்கே ஓர் இடறல் உண்டு. தன்னை மறைத்துக்கொள்வதுதானே ஊழியம்? மூர் இதை ஒப்பவில்லை. நாம் அறிந்தவரை அவர் பாடகரோடு போட்டியிடவுமில்லை. பாடகரைத் தாங்குவதற்கே பியானோவில் உறுதி வேண்டும், கோழையான விரல்கள் எவரையும் தாங்கா என்பது அவர் கட்சி. மறைந்துபோவதும் பணிசெய்வதும் ஒன்றல்ல என்பதில் நாம் அவர் பக்கம்.

மூருக்குக் கிடைக்காத வகுப்பு அட்லாண்டிக்குக்கு அப்பால் பிறந்தது. கனடாவில் பிறந்த குவெண்டலின் கோல்டாஃப்ஸ்கி அம்மையார் 1947இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் துணை வாசிப்புக்கென்றே பட்டப்படிப்பைத் தொடங்கினார். இத்தகையவற்றுள் அதுவே முதலாவது என்பர். மார்ட்டின் காட்ஸ் அவருடைய மாணவர். பின்னர் சாமுவேல் சாண்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞர், பக்கவாத்தியக்காரர் என்பதற்குப் பதிலாக 'கூட்டுப் பியானோக் கலைஞர்' என்னும் பெயரைப் பரப்பினார். பெயர் மாறியதால் மட்டும் ஊதியம் சமமாகிவிடவில்லை.

1967ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மூரின் விடைபெறும் இசையரங்கு நடைபெற்றது. எலிசபெத் ஷ்வார்ஸ்கோப், விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலெஸ், டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கா ஆகிய மூவரும் வந்து பாடினர். இறுதியில் அவர்கள் விலகிநிற்க, மூர் தனியே அமர்ந்து, இசைக்கே நன்றிகூறும் ஷூபர்ட்டின் பாடலொன்றைப் பாடகரின்றிப் பியானோவில் மட்டும் வாசித்தார். மேடையை விட்டாலும் ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் விடவில்லை. ஃபிஷர்-டீஸ்காவுடன் ஷூபர்ட்டின் நானூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவுசெய்யும் வேலை 1972 வரை நீடித்தது. அந்தத் தட்டுகளின் உறையில் இருவர் பெயரும் உள்ளன.