வண்டலூரில் பிறந்த கார்

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் காக்கின்றன. எந்திரங்களின் வரலாற்றைக் காப்பவர் யார்? திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், சில மாதங்களுக்கு முன் இவ்வினாவுக்கு விடை கண்டேன்.

தகரக் கொட்டகையின் நிழலில் நான்கு கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று நின்றிருந்தது. முதிய மெக்கானிக் அதன் முகப்பைப் பற்றித் தூக்கினார். பானட்டும் இரு மட்கார்டுகளும் விளக்குகளும் ஒன்றாகவே முன்னோக்கிச் சாய்ந்தன. எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுமையாக வெளிப்பட்டன. “டயர் மேல உட்கார்ந்தே வேலை பார்க்கலாம் பாய். வேற எந்த வண்டியில இந்த வசதி?” என்றார் பெருமிதத்துடன்.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு வருவோர் கடந்து வரும் வண்டலூரில்தான் அந்தக் கார் பிறந்தது. மோட்டார்த் தொழில் சென்னைக்குப் புதிதன்று. 1903ஆம் ஆண்டிலேயே சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். விடுதலைக்குப் பின், 1948இல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கார்களைச் செய்ய முற்பட்டது வண்டலூர்த் தொழிற்சாலை. வான்கார்டு, டென், பென்னன்ட் ஆகியவற்றை அடுத்து, 1961இல் ஹெரால்டு வெளிவந்தது.

ஹெரால்டின் அமைப்புக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல்களைச் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே ஆலையில் அழுத்தி வார்க்கும் வழி அடைபட்டது. எனவே தனி அடிச்சட்டம் ஒன்றை அமைத்து, உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறிடங்களில் செய்து, போல்ட்டுகளால் பூட்டும் முறையைக் கைக்கொண்டனர். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலொட்டி அதற்கு அழகிய தோற்றம் தந்தார். 1959இல் அந்தக் கார் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

அங்கே வறுமையால் வகுத்த வழி, நமக்கு வரமாயிற்று. ஒரு பக்கம் நசுங்கினால் அப்பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். பெரிய எந்திரங்கள் தேவையில்லை. ஸ்பானரும் பொறுமையும் போதும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுவதால் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளும் அதற்குப் பொருட்டல்ல. ஆண்டுதோறும் தேரோடும் ஊர் இது. பழுதுபட்ட மரத்தை மட்டும் மாற்றித் தேரைத் தலைமுறைகள் தாண்டி ஓடச் செய்யும் மக்களுக்கு இவ்வமைப்பின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

குறைகளை மறைப்பது வரலாறாகாது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்கும் ஊசல் அச்சில் இயங்கின. மனைவி மக்களோடு உறவினரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றியபின், அவை கால்களை அகட்டி நிற்கும். டயரின் உட்புறம் தேயும். வளைவில் விரைந்து திரும்பினால் பின்பகுதி நிலைதடுமாறும். இங்கிலாந்தில் ஒருபோதும் செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டை வண்டலூர்த் தொழிலாளர்கள் படைத்தனர். 1972இல் கெஜல் என்ற பெயரில் வந்த அடுத்த காரில், ஊசல் அச்சை நீக்கி ஒரே அச்சை அமைத்தனர். அயல்நாட்டுப் பொருளை நம் சாலைக்கும் நம் குடும்பத்துக்கும் இசைவித்த அறிவு அது.

ஆயினும் காலம் கைகொடுக்கவில்லை. எத்தனை கார்கள் செய்யலாம் என்பதை அரசின் உரிமமே தீர்மானித்த நாட்கள் அவை. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் கார் வாங்குவோர் குறைந்தனர். 1977இல் கெஜல் நின்றது. 1985இல் ரோவர் காரின் உடலுக்குள் பழைய வான்கார்டு எஞ்சினின் வழிவந்ததைப் பொருத்தி ‘ஸ்டாண்டர்டு 2000’ வந்தது. மாருதியின் சிறு கார் மக்களைக் கவர்ந்துவிட்ட அந்நேரத்தில், விலைமிகுந்த அவ்வண்டியை நாடியோர் சிலரே. 1988இல் அதன் உற்பத்தியும் முடிந்தது.

அம்பாசடரைவிட ஹெரால்டு சிறந்ததா என்று கேட்பார்கள். உழைப்பில் இல்லை, இடவசதியிலும் இல்லை. ஆனால் தன்னைப் பழுதுபார்ப்பவனை மதித்த கார் என்ற பெருமை ஹெரால்டுக்கே உரியது. இன்றைய கார்கள் பழுதானால் கணினியைப் பொருத்திக் குறையைக் கேட்கிறோம். அது சொல்லும் பாகத்தை முழுமையாக மாற்றுகிறோம். பாதுகாப்பும் சிக்கனமும் பெருகியுள்ளன என்பது உண்மையே. எனினும் சிறு பட்டறைக்காரரின் கைத்திறன் அவற்றில் நுழைய வழியில்லை.

வண்டலூர் ஆலையின் ஓசை அடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதன் வரலாறோ திருவண்ணாமலையின் தகரக் கொட்டகையில், எண்ணெய் படிந்த இரு கைகளில் இன்னும் வாழ்கிறது. அம்முதியவரிடம் தொழில் கற்க யாரேனும் வருகிறார்களா என்று கேட்டேன். அவர் விடை கூறாமல் பானட்டை மெல்லத் தாழ்த்தி மூடினார்.