குடும்பப் பயணத்தில் குழந்தைகளின் உடல்நலம்

குடும்பத்தோடு வெளியூர் செல்லும்போது குழந்தைகளுக்கு வரக்கூடிய நோய்களையும் விபத்துகளையும் தவிர்க்கும் முறைகளும், வழியில் செய்ய வேண்டிய முதலுதவியும் இத்தலைப்பில் அடங்கும். தமிழ்நாட்டில் இத்தகைய பயணம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையில் நிகழ்கிறது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களும், ராமேசுவரம், பழநி, வேளாங்கண்ணி போன்ற தலங்களும், அவரவர் குலதெய்வக் கோயில்களும் அப்போது நிரம்பிவிடும். குடிக்கும் தண்ணீர், சாப்பிடும் நேரம், உறக்கம் எல்லாம் ஒரே நாளில் மாறுகின்றன. பெரியவர்கள் உடல் இதைச் சமாளித்துவிடும். சின்னஞ்சிறு குழந்தையின் உடலுக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் திறன் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் பையில் காய்ச்சல் மருந்து எப்படியும் ஏறிவிடுகிறது. ஆனால் பயணத்தில் குழந்தையை முதலில் சாய்ப்பது பெரும்பாலும் வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான். ஆகவே முதலில் எடுத்து வைக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கலவைப் பொட்டலம்.

நீரிழப்பு

பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். எடையோடு ஒப்பிட்டால், குழந்தை ஒவ்வொரு நாளும் உள்ளே வாங்கி வெளியே விடும் நீர் பெரியவரைவிட மிக அதிகம். 10 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தை அரை லிட்டர் இழந்தால், எடையில் 5 விழுக்காடு போய்விடுகிறது. நீரிழப்பின் அடையாளங்கள் தெரியத் தொடங்குவது இந்த அளவில்தான். 1 லிட்டரை எட்டினால் உயிருக்கே ஆபத்து. கோடை வெயிலில், நெரிசலான பேருந்தில், வாந்தியும் பேதியும் சேர்ந்துகொண்டால் இதற்குச் சில மணி நேரமே போதும்.

வெறும் தண்ணீர் இந்த இழப்பை ஈடுகட்டாது. வயிற்றுப்போக்கின்போதும் சிறுகுடலில் ஒரு வழி மட்டும் பெரும்பாலும் அடைபடாமல் இருக்கும்: சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அது இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அவற்றின் பின்னால் நீரும் செல்லும். 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த இயக்கத்தை விளக்கினார். 1968இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் நோயாளிகளிடம் இதைச் சோதித்து நிறுவினர். 1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களையே நோயாளிகளுக்குப் புகட்டச் சொன்னார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2022இல் மறைந்த அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. தேர்ந்த செவிலியர் கையில் இருந்த சிகிச்சை அன்றைக்குத் தாய் தகப்பன் கைக்கு வந்தது. ரயில் பெட்டியிலும் தங்கும் விடுதியிலும் பெற்றோர் இன்று செய்ய வேண்டியதும் அதுவே.

இப்போது புழக்கத்தில் உள்ள ஓ.ஆர்.எஸ். கலவையை 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் பரிந்துரைத்தன. 1 லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்பது அதன் அளவு. பெரிய பொட்டலத்தை 1 லிட்டரிலும், சிறியதை அதன்மேல் அச்சிட்டுள்ள அளவு நீரிலும் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் உத்தேசமாகப் போடுவது ஆபத்து: உப்பு மிகுந்தால் இரத்தத்தில் சோடியம் ஏறும், சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்புப் போட்ட கஞ்சியும் உதவும்.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகத் தொடங்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. இட்லி, தயிர் சோறு, வாழைப்பழம் என வழக்கமான உணவும் தொடரட்டும். வயிற்றைக் காயப்போடுவது குழந்தையை மேலும் வலுவிழக்கச் செய்யும். துத்தநாக மருந்து 6 மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நாளுக்கு 20 மி.கி., கீழ்ப்பட்டவர்களுக்கு 10 மி.கி. என 10 முதல் 14 நாள் தரப்படுகிறது. பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போட்டுக்கொள்ளும் லோபரமைடு மாத்திரையைச் சிறு குழந்தைகளுக்குத் தரவே கூடாது.

கடை அலமாரியில் இருக்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று அல்ல. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்கப்படுவதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. வெகு காலம் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதோடு, உறைமேல் உள்ள அளவுகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கண்கள் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, 6 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல், சோர்ந்து துவண்டு கிடத்தல், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயணத்தை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்குகிறது.

தண்ணீரும் உணவும்

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. மற்றவர்களுக்குக் கொதித்து ஆறிய நீர் சிறந்தது. உதகை போல 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் நீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடுவதால், கொதி வந்த பின் 3 நிமிடம் விட வேண்டும். சமவெளியில் 1 நிமிடம் போதும். வழியோர உணவகத்தில் ஆவி பறக்கும் இட்லியைப் பற்றிக் கவலை இல்லை. காலையில் அரைத்து மதியம்வரை வெளியே இருக்கும் தேங்காய்ச் சட்னியும், எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத ஐஸும், முன்கூட்டியே நறுக்கி வைத்த தர்பூசணியும்தான் தவிர்க்க வேண்டியவை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14ஆம் வாரங்களில் தரப்படுகிறது. பயணத்துக்கு முன் தடுப்பூசி அட்டையைப் பார்த்து, விட்டுப்போனவற்றைப் போட்டுக்கொள்ளலாம்.

மலைப்பாதை

கொல்லிமலையில் 70, வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர, கண் வண்டியின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் வருகிறது. 2 வயதுக்குள் இது அரிது; 6 முதல் 12 வயதுவரை மிகுதி. ஏறுமுன் லேசான உணவு, திறந்த ஜன்னல், தொலைவில் பார்வை, கைபேசிக்கு ஓய்வு ஆகியவை பெரும்பாலும் போதும். குமட்டலைத் தடுக்கத் தரப்படும் புரோமெதசின் மருந்து 2 வயதுக்குட்பட்டவர்களின் மூச்சை ஒடுக்கக்கூடும் என்பதால் அவர்களுக்குத் தடை செய்யப்பட்டது. விபத்தையும் நினைக்க வேண்டும்: மடியில் அணைத்துப் பிடித்திருப்பது மோதலின்போது குழந்தையைக் காக்காது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்டவர் இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

விலங்குக் கடி

கோயில் படிகளிலும் மலையூர்களிலும் குரங்கும் தெருநாயும் குழந்தையின் கையில் உள்ள தின்பண்டத்துக்காக நெருங்குகின்றன. திட்டுக்குப் பயந்து கீறலைச் சொல்லாமல் மறைக்கும் குழந்தைகள் உண்டு. சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்னதாகவே உறுதி தர வேண்டும். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. ரேபிஸ் (வெறிநாய்க்கடி) தடுப்பூசியை அன்றே, அந்த ஊர் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கி, மீதியை ஊர் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம். இரத்தம் வரும் காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் ஊசியும் தேவை. ரேபிஸ் நோய் வெளிப்பட்ட பின் அதைக் குணமாக்கும் மருந்து இல்லை.

திரும்பிய பின்

சில நோய்கள் வீடு வந்த பிறகே தலைகாட்டும். புதர்க்காட்டிலும் புல்லிலும் உள்ள உண்ணிவகைப் பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ், பொதுவாக 6 முதல் 21 நாள்களில் காய்ச்சலாகத் தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த புண் இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அது கண்ணில் படாமல் போகும். தொடக்கத்திலேயே தந்தால் டாக்சிசைக்ளின் இதை எளிதில் குணமாக்கும். ஊர் போய்வந்த சில வாரங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே தங்கினோம், குழந்தை எங்கே விளையாடியது என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிட வேண்டும்.