மட்டக்கம்பும் தொட்டில் கட்டையும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். இது ஒரு குச்சியின் வரலாறு. நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் தொடங்குகிறது.

2023ஆம் ஆண்டு. மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் என்று நாடெங்கும் நினைவுகூர்ந்த காலம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும், முன்னோர் வந்த வழியிலேயே ஒரு கூட்டம் நடந்து போனது. எங்கள் பாடசாலையிலும் சிறிய கண்காட்சி ஒன்று வைக்க முடிவெடுத்தோம். கைப்பணிப் பகுதி என் பொறுப்பு.

நான் கைத்தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்திருந்தேன். கடையில் விற்கும் உருண்டையான மரக்குச்சிகளை வாங்கி, அளவாக அறுத்து, துவாய் போடும் கொடி, புத்தகத் தட்டு, சுவரில் மாட்டும் தாங்கி என்று விதவிதமாகச் செய்து காட்டினார்கள். பார்க்க அழகு, செய்ய இலகு. மறுநாளே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: அரை அங்குல உருண்டைக் குச்சி நான்கு, ஒட்டுப் பசை, வார்னிஷ். "ஹட்டனில் கிடைக்கும், வாங்கி வாருங்கள்."

பொருளாதார நெருக்கடியின் சூடு ஆறாத வருடம் அது. ஒரு நாள் கூலியில் எவ்வளவு மிஞ்சும் என்று நான் யோசிக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் மாலை அவளுடைய லயத்துக்குப் போனேன்.

வாசலில் அவளுடைய அம்மாயி இருந்தார். "வாங்க மாஸ்டர், உள்ள வாங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"காய்ச்சலா ஆச்சி?" என்றேன்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல மாஸ்டர். நீங்க கேட்ட குச்சி வாங்கலன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறா."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பேச்சு வராமல் மேலே பார்த்தேன். கூரை விட்டத்தில் ஒரு சேலைத் தொட்டில். உள்ளே குழந்தை தூங்குகிறது. சேலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் விரித்துப் பிடித்தபடி ஒரு கட்டை. கை பட்டுப் பட்டு எண்ணெய் பூசியது போல் மின்னியது.

"அது என்ன மரம் ஆச்சி?"

"கொய்யா. அது என்னோட மட்டக்கம்பு மாஸ்டர். முப்பத்தெட்டு வருசம் அது சொன்ன மட்டத்துக்குத்தான் கொழுந்து எடுத்தேன். வேலைய விட்ட அன்னைக்கே ரெண்டா அறுத்துட்டேன். பாதி தொட்டிலுக்கு. மீதிய முளையா சீவி, அந்தா, செவுத்துல அடிச்சிருக்கேன்."

சுவரில் வரிசையாக ஐந்து மர முளைகள். ஒன்றில் கம்பளி, ஒன்றில் பேத்தியின் புத்தகப்பை.

நான் ஹட்டனில் வாங்கி வரச் சொன்ன பொருள் அந்த வீட்டில் எனக்கு முன்னாலேயே இருந்தது. அதுவும் ஒரு வரலாற்றோடு.

நம் ஊருக்கு எழுதப்பட்ட வரலாறு உண்டு. நோட்டன் பிரிட்ஜ் என்றதும் எல்லாருக்கும் அணைக்கட்டுதான் நினைவுக்கு வரும். நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே சொன்ன பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, அவர் கனவு கண்ட லக்ஷபான திட்டம், 1950இல் ஓடத் தொடங்கிய மின் நிலையம் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அந்த மின்சாரம் போன கம்பிகளுக்குக் கீழேயே பல லயங்கள் வருடக்கணக்கில் குப்பி விளக்கோடு இருந்தன என்பதைப் பெரியவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். மட்டக்கம்பும் அந்த மாதிரி, பெரியவர்களிடம் கேட்டு அறிய வேண்டிய விஷயம்.

இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மட்டக்கம்பு என்பது கொழுந்து எடுப்பவர் கையில் இருந்த நீளமான, நேரான, பாரமில்லாத கம்பு. தேயிலைச் செடியின் தலைக்கு மேல் அதைக் கிடையாக வைப்பார்கள். கம்புக்கு மேலே எழும்பி நிற்கும் இரண்டு இலையும் மொட்டும் பறிக்க வேண்டியவை. கீழே இருப்பது செடிக்கு. அப்படி எடுத்தால்தான் செடியின் மேல்தளம் மேசை போல் மட்டமாக இருக்கும், அடுத்த சுற்றுக்குக் கொழுந்து ஒன்றாக எழும்பும். மட்டம் பிசகினால் ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் பள்ளமாகி, கவ்வாத்து வரைக்கும் செடி சீராகாது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று படிக்கிறோம். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது, பிறகு தேயிலை மலையெங்கும் பரவியது, 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது என்றும் படிக்கிறோம். இத்தனை மலையையும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மட்டமாக வைத்திருந்தது யார்? சுற்றுலாப் பயணி படம் பிடிக்கும் அந்த மட்டம் ஒவ்வொரு செடியிலும் ஒரு பெண் ஒரு கம்பை வைத்துப் பார்த்த மட்டம்.

அந்தக் கம்பைச் செல்லமாக மட்டும் பேசவும் முடியாது. அது வேலையை அளந்த கம்பு. கம்புக்குக் கீழே கை போனால் கங்காணியின் வாயைக் கேட்க வேண்டும். ஆச்சி வேலையை விட்ட அன்றைக்கே ஏன் அறுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

பழைய லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு குடும்பம். தளபாடம் வைக்க இடமும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. ஆகவே வீட்டின் பாதித் தேவையைக் குச்சிகள்தான் பார்த்துக்கொண்டன. துணி போட மூலைக்கு மூலை ஒரு கொடிக்கம்பு. மோர் கடைய மத்து. ரொட்டி தட்டையாக்க உருளைக்கட்டை. மண்வெட்டிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் பிடி. பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்டை. திருவிழாவுக்குக் கோலாட்டக் கம்பு. பிரட்டுக்கு ஆள் கூப்பிட்ட தப்புக்கு இரண்டு குச்சி. தேயிலைப் பெட்டியின் பலகை கிடைத்தால் அது தட்டாகும், அலுமாரியாகும். அதைத் தாங்கச் சுவரில் முளை வேண்டும், அதுவும் குச்சிதான்.

கம்பு விளையாட்டு நம் எல்லாரிடமும் உண்டு. மலையகத்தில் கோலாட்டம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் களிகம்பு, பொல்லடி என்ற பெயர்களில் கம்படித்து ஆடும் ஆட்டம். பாட்டு வேறு, தாளம் வேறு. கையில் இருப்பது அளவாகச் சீவிய இரண்டு உருண்டைக் கம்புதான்.

இனிச் செய்முறை. இதை அடுத்த வாரம் அதே லயத்தில் ஒரு தாத்தாவிடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மாணவராக இருந்தது நானும்தான்.

முதலில், கம்பை அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். அறுத்தால் வாள் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பிளந்தால் பிளவு நாரோடேயே ஓடும். நார் அறுபடாத குச்சி வளையும், முறியாது. பிளந்ததை நிழலில் காயவிட வேண்டும். பிறகு தாத்தா சொன்ன கணக்கு: "மொதல்ல நாலு மூலை. அப்புறம் எட்டு மூலை. அப்புறம் பதினாறு மூலை. அதுக்கப்புறம் உருண்டை தானா வரும்." நேரடியாக உருட்டப் பார்த்தால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினால் பளிங்கு போல் வரும். (இதைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு மணல் கடதாசி போதும்.)

இப்படி ஒரு குச்சி கையில் வந்துவிட்டால், இரண்டு பலகையில் துளை போட்டுக் குச்சியை இறுக்கிச் செருகினால் புத்தகத் தட்டு. ஒரு பலகையில் ஐந்து துளை போட்டு, முளைகளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து அடித்தால் பை மாட்டும் தாங்கி. முளை நேராக இருந்தால் பாரத்துக்குப் பை வழுக்கி விழும். அந்தச் சிறு சாய்வில்தான் விஷயம். நூலின் இரு முனையில் கட்டிய குச்சி துவாய்க் கொடி.

இரும்பாணி ஏன் வேண்டாம்? நோட்டன் பிரிட்ஜ் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கும், துரு மரத்தை அரிக்கும், பிறகு ஆணி ஆடும். நன்றாகக் காய்ந்த மர முளையை இறுக்கமான துளையில் அடித்தால், ஈரம் குடித்து முளை உப்பும். மழைக் காலத்தில் ஆணி தளரும் இடத்தில் முளை இறுகும்.

இது லயத்துக்குள் மட்டும் தெரிந்த இரகசியம் இல்லை. நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் போனால் எம்பக்க தேவாலயம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கம்பளை இராசதானிக் காலத்தது, மூன்றாம் விக்கிரமபாகு மன்னனோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தூண்களின் சிற்பத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். நீங்கள் போனால் கூரையையும் அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அத்தனையையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு பெரிய மர ஆணி. மடோல் குருப்பாவ என்பார்கள். ஆச்சியின் சுவரில் இருந்த முளைக்கும் அதற்கும் வேலை ஒன்றே. ஒன்று அரசன் கட்டிய கோயிலைத் தாங்குகிறது. மற்றது ஒரு பிள்ளையின் புத்தகப்பையை.

ஆனந்த குமாரசுவாமி கண்டிச் சீமையின் கைவினைகளைத் தேடித் திரிந்து 1908இல் பெரிய நூலொன்று எழுதினார். அதனால் அந்தக் கலைஞர்களின் உளியும் தச்சும் உலகுக்குத் தெரிந்தது. அதே காலத்தில் அதே மலைகளில் லயத்து மனிதர்களும் குச்சி சீவிக்கொண்டுதான் இருந்தார்கள். அதைப் பதிந்து வைக்க அப்படி ஒருவர் வரவில்லை. 2007இல் கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறந்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் ஒரு அருங்காட்சியகத்துக்குள் எத்தனை வீட்டுக் கம்பை வைக்க முடியும்?

ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவீடனில் நேஸ் என்ற இடத்தில் ஒட்டோ சாலமன் என்பவர் ஆசிரியர்களுக்கு மரக் கைப்பணி கற்பித்தார். உலகின் பல நாடுகளிலிருந்தும் அங்கே வந்து கற்றுப் போனார்கள். அவருடைய பாடவரிசையின் முதல் பொருள் என்ன தெரியுமா? பாலர் வகுப்பில் எழுத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு சிறு குச்சி. ஒரு குச்சியை நேராகச் சீவத் தெரிந்த பிள்ளைக்குக் கண்ணும் கையும் பொறுமையும் சேர்ந்து வளரும் என்று அவர்கள் நம்பினார்கள்.

நம் பக்கம் மாஸ்டர் கையில் இருந்த குச்சி வேறு வேலைக்கு! 1920இன் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்றது. நடந்தது பெரும்பாலும் ஓரறை, ஓராசிரியர். 1945இல் வந்த இலவசக் கல்வியின் முழுப் பலனும் தோட்டத்துக்கு ஏற நீண்ட காலம் எடுத்தது. 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகுதான் வாசல் அகலத் திறந்தது. அந்த வாசலால் உள்ளே வந்த பிள்ளைகளின் பிள்ளைகளிடம்தான், உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காமல், ஹட்டனில் போய் வாங்கி வா என்று நான் எழுதிப் போட்டேன்.

கண்காட்சி நாளன்று கரும்பலகைப் பட்டியலை அழித்துவிட்டு, "வீட்டில் இருக்கும் ஒரு கம்பைக் கொண்டு வாருங்கள், அதன் கதையோடு" என்று கேட்டிருந்தேன். மத்து வந்தது. மண்வெட்டிப் பிடி வந்தது. கடைத்தெருவிலிருந்து வரும் ஒரு பிள்ளை தன் வாப்பும்மாவின் உருளைக்கட்டையைக் கொண்டு வந்தான். தொட்டில் கட்டை மட்டும் வரவில்லை. குழந்தை அதில் தூங்கிக்கொண்டிருந்ததே! பதிலாகப் பேத்தி தானே சீவிய புதிய முளை ஒன்றைக் கொண்டு வந்தாள். நாலு மூலை, எட்டு மூலை, பதினாறு மூலை, உருண்டை என்று நான்கு படியும் தெரியும்படி ஒரே குச்சியில் செய்திருந்தாள். பார்க்க வந்தவர்களுக்கு அவளே விளக்கம் சொன்னாள். ஆச்சியும் வந்தார். கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பேத்தி பேசி முடிக்கும் வரைக்கும் கடைசி வரிசையில் நின்றார்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். பல தோட்டங்களில் மட்டக்கம்பைக் காண்பதே அரிதாகிவிட்டது. லயங்கள் இடிந்து தனி வீடுகள் வருகின்றன. அது வர வேண்டியதுதான், சந்தோஷம்தான். ஆனால் வீடு மாறும்போது முதலில் அடுப்புக்குப் போவது பழைய கம்புதான். எரிப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள். என்ன மரம், யார் சீவியது, எந்த டிவிஷன், எத்தனை வருடம் கையில் இருந்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு நாலு வரி எழுதுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழேயே போடுங்கள், நான் ஒரு கொப்பியில் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

ஆசிரிய நண்பர்களே, கைப்பணிப் பாடத்துக்குப் பொருள் பட்டியல் எழுதுவதற்கு முன், ஒரு தடவை பிள்ளைகளின் வீட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். நான் பிந்தித்தான் பார்த்தேன்.