ஆதனும் ஆதாமும்

சேரர் பெயராகிய ஆதனை எபிரேய ஆதாமோடு இணைத்து மொழியுறவு காட்டுவாரைக் காண்கின்றோம். ஒலியொப்புமையன்றி இதற்கு அடிப்படை யாதுமில்லை. எபிரேயத்தில் ஆதாம் 'மாந்தன்' எனப் பொருள்படும். அதனை மண்ணைக் குறிக்கும் அதாமா என்னும் சொல்லோடு இயைத்துரைப்பது விவிலியத் தொடக்கநூல். ஆண்டு மகரம் வேரெழுத்து மூன்றனுள் ஒன்று, நீக்கலாகாது. தமிழிலோ இறுதி னகரம் ஆண்பாலீறு. தந்தை என்னும் முறைப்பெயரோடு புணருங்கால் ஆதன் 'ஆந்தை' ஆதலைத் தொல்காப்பியம் விதித்தது. ஆண்டு னகரமேயன்றித் தகரமும் கெடுகின்றது. துருக்கியில் இச்சொல் 'ஆள்' என வழங்குதல் வேறு. அஃது அரபி வழிச் சென்ற கடன்.

புகழூர்க் கல்வெட்டு 'கோ ஆதன்' என்னும். 2019இல் வெளிவந்த கீழடி அறிக்கை 'குவிரன் ஆதன்' எனப் பொறித்த பானையோட்டைக் காட்டும். பிற்காலத்து 'ஆதர்' அறிவிலாரையும் குருடரையும் குறித்தது. மன்னர் விரும்பிச் சூடிய பெயர் அச்சொல்லாதல் அரிது என்பது எம் கருத்து.