நெல் குவியலில் முதல் அடி

கோவைப் பகுதியில் கோயிலுக்கென்று விடப்பட்ட பெண் தன் முதல் அடியை நெல் குவியலின் மேல் நின்றுதான் வைத்தாள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இந்தச் சடங்கு பதிவாகியிருக்கிறது.

கோவைக் கைக்கோளரில் இசைக்காரக் குடும்பங்கள் வீட்டுக்கு ஒரு பெண்ணையாவது கோயில் பணிக்கு ஒதுக்கி, பாட்டும் ஆட்டமும் பயிற்றின என்கிறார் அவர். பொட்டுக் கட்டும் நாளில் சிறுமிக்கு நகை பூட்டி நெல்லின் மேல் நிறுத்துவார்கள். எதிரே இரண்டு தாசிகள், அவர்களும் நெல் குவியலில் நின்றபடி, மடித்த துணியொன்றைப் பிடித்திருப்பார்கள். சிறுமி அதைப் பற்றிக்கொள்வாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்ட ஆசிரியரான நட்டுவனார் அவள் கால்களைப் பிடித்து, இசைக்கு ஏற்பத் தூக்கித் தூக்கி வைப்பார். மாலையில் மட்டக்குதிரையில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். அர்ச்சகர் சந்தனமும் பூவும் கொடுத்துத் தாலி கட்டுவார். பொன் வட்டும் கருமணியும் சேர்ந்த தாலி அது.

கோவையை அடுத்த பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் 17ஆம் நூற்றாண்டுக் கனகசபைத் தூண்களில் ஊர்த்துவ தாண்டவம் முதலிய ஆடல்கள் இருக்கின்றன. எல்லாம் கைதேர்ந்த ஆட்டம். காலைப் பிடித்துப் பழக்கும் நட்டுவனாரின் கை அந்தக் கல்லில் இல்லை. தர்ஸ்டனின் சில வரிகளில் இருக்கிறது.

ஆட்டத்துக்குப் பின்னாலிருக்கும் அப்படிப்பட்ட உழைப்பைத் தேடித்தான் பாரிஸில் இன்னொரு எட்கர் அலைந்தார். பெயர்ப் பொருத்தம் தற்செயல். ஓவியர் எட்கர் தெகா 1870களிலிருந்து ஓபரா அரங்கில் பாலே ஆட்டத்தின் பின்கட்டைத் தீட்டியும் அச்சில் எடுத்தும் வந்தார்: கொட்டாவி விடும் சிறுமி, நாடாவைக் கட்டும் விரல், ஓரமாகக் கறுப்புத் தொப்பியோடு நிற்கும் சந்தாக்காரக் கனவான். அங்கும் ஆட வந்தவர்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பணம் படைத்தவர்களுக்கு மேடையின் பின்கட்டு வரை வழி திறந்திருந்தது. தெகாவின் சிறுமிகள் களைத்துத் தெரிகிறார்கள். தலையளவும் மூக்களவும் எடுத்துத் திரிந்த தர்ஸ்டனோ சடங்கைப் பொது வழக்கமாகவே எழுதினார். சிறுமிக்குக் கால் வலித்ததா என்பது அவர் கணக்கில் வரவில்லை.

தாசி முறைக்கு எதிராகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம் தாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. பொட்டுக் கட்டுவதையே 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதற்குள் கோவையில் ஆட்டத்துக்கு வேறு களம் அமைந்துவிட்டது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவாகி 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் ஆடியவர், தஞ்சை இசை மரபில் வந்த டி.ஆர். ராஜகுமாரி.